ஒம்பிலின் நிலக்கரிச் சுரங்கம்

இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்திராவில், புக்கிட் பாரிசான் மலைகளுக்கு நடுவே சவாலுந்தோ நகரில் உள்ள பழைய சுரங்கம். 2019 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலம்.

ஒல்லாந்தச் சுரங்கப் பொறியியலாளர் வில்லெம் டி கிரேவ் 1868இல் ஒம்பிலின் ஆற்றுப்பகுதியில் நிலக்கரியைக் கண்டறிந்தார். அது வெட்டப்படுவதைக் காண அவர் இருக்கவில்லை. 1872இல் ஆற்றில் மூழ்கி இறந்தார். கரியைக் கடலுக்கு இறக்குவதுதான் பெரும்பாடாயிற்று. செங்குத்தான இடங்களில் தண்டவாளங்களுக்கிடையே பற்சட்டம் பதித்து, பாடாங்கை அடுத்த எம்மாஹாவன் துறைமுகம்வரை 155 கிலோமீற்றர் புகையிரதப் பாதை போட்டார்கள். 1892இல் கரி வெட்டத் தொடங்கினார்கள்.

அதற்கு ஆள் தேடி ஒல்லாந்த ஆட்சி சிறைகளைத் திறந்தது. ஜாவா முதலிய தீவுகளின் கைதிகள் விலங்கோடு கப்பலேற்றப்பட்டனர். ஊரார் இவர்களை ‘சங்கிலி மனிதர்’ என்றனர். இறந்தவர்களின் கல்லறைகள் பலவற்றில் பெயரில்லை, கைதி எண் மட்டுமே. அதே காலத்தில் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்கு ஆள் கொண்டுவந்தார்கள். அங்கே தொழிலாளியைக் கடன் கட்டிவைத்தது, இங்கே இரும்பு.

1918இல் எழுந்த பொதுச் சமையற்கூடமான கூடாங் ரன்சும் தனித்துப் பேசத்தக்கது. ஒருவர் உள்ளே இறங்கி உட்காரக்கூடிய கிடாரங்களில், நீராவியைக் கொண்டு, நாளொன்றுக்கு 65 பிக்குல், அதாவது ஏறத்தாழ 3,900 கிலோ அரிசி வேகவைத்தார்கள். 2005 முதல் அது அருங்காட்சியகம். தொழிலாளர் லயன்களில் மினாங்கபாவு, ஜாவா, சீனம், ஒல்லாந்தம் கலந்து உருவான தான்சி மொழியை 2018இல் இந்தோனேசிய அரசு தேசிய மரபாக ஏற்றது.

1927 ஜனவரியில் அருகிலுள்ள சிலுங்காங்கில் ஒல்லாந்தருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. சுரங்கத் தொழிலாளரும் அதில் இருந்தனர். 1958இல் சுரங்கம் நாட்டுடைமையானது. நூற்றாண்டு முடிவில் திறந்தவெளி அகழ்வு நின்றபோது வேலை தேடிப் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். 2001இல் நகரசபை, சுரங்க மரபையே நம்பிய சுற்றுலா நகராவதெனத் தீர்மானித்தது. தண்ணீர்க் கசிவால் மூடிக்கிடந்த பழைய சுரங்கவழி ஒன்று மேற்பார்வையாளர் பா சுரோவின் பெயரால் மீண்டும் திறக்கப்பட்டது.

2019 ஜூலை 6இல் பாக்கு நகரக் கூட்டத்தில் யுனெஸ்கோ தந்த ஏற்பில் பொறியியலே முன்னிற்கிறது. கைதிகளின் கல்லறைகளுக்கும் சமையற்கூடத்துக்கும் அதற்கு நிகரான இடம் உரியது. சரக்கு வண்டிகள் ஓய்ந்துவிட்ட பாதையில் மாக் ஈத்தாம் என்ற நீராவி எஞ்சின் பயணிகளுக்காகச் சிறிது தூரம் ஓட்டப்படுகிறது.