அங்கொடைப் பயம்

கொழும்பிலிருந்து வந்த ரயில் பாதை 1924இல் தெமோதரையைக் கடந்து, இலங்கை மலையகத்தின் தோட்டங்கள் சூழ்ந்த பதுளையை எட்டியது. அதே 1920களில் கொழும்புக்கு அருகே அங்கொடையில் மனநோய் மருத்துவமனையும் எழுந்தது. 1873ஆம் ஆண்டுப் பைத்தியக்காரர் சட்டத்தின் நிழலில் வளர்ந்த இடம் அது. ஊர்ப் பெயரே நாடெங்கும் வசையானது: "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பணும்."

பதுளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் முதல் வைத்தியர் உடுக்கடிக்கும் கோடாங்கிதான். பேய் பிடித்தது என்றால் குடும்பத்துக்குப் பழி கிடையாது. பைத்தியம் என்றால் தங்கையின் கல்யாணம்வரை பாதிக்கும். இந்தக் கணக்கை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

1970களில் தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. அதே ஆண்டு நாட்டின் மனநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல முனைந்தது.

இப்படி வந்த படிப்பு, பைத்தியப் பட்டத்தின் பயத்தைப் போக்கியதா? கொழும்புப் பல்கலைக்கழக மாணவர்கள் 4,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. மனச்சோர்வின் அறிகுறிகளை விவரித்துக் காட்டிய பிறகும் பெரும்பாலோர் அதை நோயாகப் பெயர் சொல்லி அடையாளம் காணவில்லை. தலைநகரத்து வளாகத்திலேயே இந்த நிலை. கோடாங்கியை மட்டும் குறைசொல்வது எப்படி?