கருவியின்றி ஒரு புளூடூத்: லினக்ஸ் மெய்ந்நிகர் இயக்கியின் வரலாறு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ‘எச்சிஐ விஎச்சிஐ’ என்னும் சிறிய இயக்கி ஒன்று உண்டு. இயக்கி என்பது பொதுவாக வன்பொருளைக் கெர்னலுக்கு அறிமுகப்படுத்தும் நிரல். ஆனால் இதன் மறுமுனையில் வன்பொருளே கிடையாது. ‘விஎச்சிஐ’ என்ற சாதனக் கோப்பை ஏதேனும் ஒரு நிரல் திறந்தால், புதிய புளூடூத் கருவி ஒன்று கணினியில் செருகப்பட்டதாகவே கெர்னல் கொள்கிறது. கோப்பை மூடினால் கருவி பிடுங்கப்பட்டதாகிறது. இடைப்பட்ட காலத்தில் கெர்னல் இடும் கட்டளைகளை, கோப்பைத் திறந்த நிரல் அதிலிருந்து படித்து, சில்லு தரவேண்டிய விடைகளைத் தானே எழுதிக் கொடுக்கிறது. கையில் ஒரு சில்லுகூட இல்லாமல் புளூடூத் நிரல்களைச் சோதித்துப் பார்க்க இதனால்தான் முடிகிறது.

எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998-இல் கூடி அமைத்த புளூடூத் குழு, அடுத்த ஆண்டில் வெளியிட்ட முதல் விவரக்குறிப்பிலேயே, கணினியும் வானொலிச் சில்லும் பேசிக்கொள்ளும் முறையைத் தனி இடைமுகமாக வரையறுத்திருந்தது. அந்த இடைமுகத்தின் சுருக்கப் பெயரே எச்சிஐ. தொடர்வழிக் கம்பியில் செல்லும் ஒவ்வொரு பொதியின் முதல் பைட்டும் அதன் வகையைச் சொல்லும்: 1 என்றால் கட்டளை, 2 என்றால் தரவு, 3 என்றால் குரல், 4 என்றால் சில்லு தெரிவிக்கும் நிகழ்வு. எல்லை இவ்வளவு தெளிவாக வகுக்கப்பட்டிருந்ததால், மறுபுறம் இருப்பது சில்லா நிரலா என்பதைக் கெர்னல் அறியத் தேவையில்லாமல் போயிற்று. இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டவர் குவால்காம் நிறுவனத்தில் ‘புளூஸீ’ என்னும் புளூடூத் அடுக்கை உருவாக்கிய மாக்சிம் கிராஸ்னியான்ஸ்கி. அவ்வடுக்கு 2001-இல் பொது உரிமத்தின்கீழ் வெளியாகி, அதே ஆண்டு 2.4.6 கெர்னலில் இடம்பெற்றது. சாதனக் கோப்பின் வழியே மெய்ந்நிகர் வலையட்டை ஒன்றை உருவாக்கித் தரும் ‘டன்’ இயக்கியையும் எழுதியவர் அவரே என்பதால், விஎச்சிஐயின் அமைப்பில் அந்த முன் அனுபவத்தின் சாயலைக் காண்பது மிகையாகாது.

தொடக்ககால வடிவத்தில் ஒழுங்கு எளிமையானது. கோப்பு திறக்கப்பட்ட கணமே கருவிக்கு நினைவகம் ஒதுக்கப்பட்டு, அது கெர்னலில் பதிவாகும். மூடும்போது பதிவு நீங்கும். பின்னாளில் மார்செல் ஹோல்ட்மன் என்பவர் இயக்கியைத் திருத்தி எழுதியபோதும் இந்த ஒழுங்கு குலையவில்லை.

குலைத்தது 2013-இல் வந்த ஒரு புதிய தேவை. வைஃபை போன்ற வேறொரு வானொலியின் வழியே பெருந்தரவை விரைந்து அனுப்பும் ‘ஏஎம்பி’ என்ற ஏற்பாட்டை 2009-இல் வெளியான புளூடூத் 3.0 கொண்டுவந்திருந்தது. அதைச் சோதிக்க விரும்பும் நிரல், தனக்கு எவ்வகைக் கருவி வேண்டும் என்பதைத் திறந்த பிறகே சொல்ல இயலும். ஆகவே திறத்தலும் கருவி பிறத்தலும் பிரிக்கப்பட்டன: 255 என்ற வகை எண் கொண்ட பொதியை நிரல் எழுதினால், கேட்ட கருவி உருவாகி அதன் வரிசை எண் விடையாக வரும்; ஒரு நொடி வரை அப்பொதி வராவிட்டால், பழைய நிரல்களின் பொருட்டு, காலக்கடிகாரம் ஒன்று வழக்கமான கருவியைத் தானாகவே உருவாக்கிவிடும். பழையதையும் புதியதையும் ஒருசேரக் காத்த இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கதே. எனினும், கோப்பு திறந்திருந்தும் கருவி இல்லாத ஒரு நொடி அதனால் உண்டாயிற்று. அந்த நொடிக்குள் கோப்பு மூடப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி போதிய அளவு ஆராயப்படவில்லை.

விடை 2016-இல் தெரியவந்தது. கோப்பை மூடும்போது இயங்கும் துப்புரவுச் செயற்கூறு, கருவி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே கடிகாரத்தை நிறுத்தியது. நிறுத்தும் ஆணையோ, ஏற்கெனவே ஓடத் தொடங்கிய பணி முடியும்வரை காத்திருக்கும் இயல்புடையது. அந்தக் காத்திருப்பின்போது பிறந்த கருவி எவர் கணக்கிலும் வராமல் கெர்னலில் தங்கிவிடும். கடிகாரத்தை முதலில் நிறுத்தி, பின்னரே கருவியைத் தேடுமாறு வரிசையை மாற்றியதே தீர்வு. முழுமையாக இயங்கத் தொடங்காத கருவியின் வரிசையில் தேங்கிய பொதிகள் நினைவகத்திலேயே கிடந்ததும் அதே ஆண்டில் கண்டறியப்பட்டது. மூடும்போது அவ்வரிசையையும் காலிசெய்யும் வரி சேர்க்கப்பட்டது. இரு இழைகள் ஒரே நேரத்தில் 255 வகைப் பொதியை எழுதினால், ஒன்றை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் இயக்கி இரண்டு கருவிகளைப் பெற்றுவிடக்கூடும் என்பதால், உருவாக்கத்துக்கு ஒரு பூட்டும் இடப்பட்டது.

மற்றொரு பிழை இதே தன்மையது. கணினி உறங்குவதையும் விழிப்பதையும் பாவனை செய்வதற்காக 2021-இல் சில பிழைத்திருத்தக் கோப்புகள் இயக்கியில் சேர்க்கப்பட்டன. அவை கருவியின் அடைவில் அமர்ந்திருந்தாலும் சுட்டியது இயக்கியின் சொந்தத் தரவை. மூடும்போது இயக்கி தன் தரவை உடனே விடுவித்துவிடும். அடைவோ, கருவியைப் பற்றியிருக்கும் கடைசிப் பிடி விடும்வரை நிலைத்திருக்கும். அந்த இடைவெளியில் அக்கோப்புகளைத் தொடும் நிரல், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் படிக்க நேரும். பாதுகாப்பு நோக்கில் மிகவும் அஞ்சத்தக்க பிழை வகை இது. 2025-இல் வந்த திருத்தம், பதிவை நீக்குவதற்கு முன்பே அக்கோப்புகளை அகற்றச் செய்தது.

இன்று மூடும் செயற்கூறு கடிகாரத்தை நிறுத்தி, நிலுவைப் பணிகளை முடித்து, பிழைத்திருத்தக் கோப்புகளை அகற்றி, பதிவை நீக்கி, கருவியை விடுவித்து, வரிசையைக் காலிசெய்து, இறுதியில் தன் தரவைக் கைவிடுகிறது. ஏஎம்பி ஏற்பாடு 2021-இல் வெளியான புளூடூத் 5.3 விவரக்குறிப்பிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. அதன் பொருட்டுப் புகுத்தப்பட்ட அந்த ஒரு நொடிக் கடிகாரத்தை நிறுத்துவதில்தான் துப்புரவு இன்னமும் தொடங்குகிறது.