பி இருக்கிற வண்டி, பி இல்லாத வண்டி

திருப்பூரில் ஓரளவு வளர்ந்த பனியன் கம்பெனியின் வளாகத்துக்குள் போனால் இரண்டு விதமான ஆட்டோமேட்டிக் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். மெர்ச்சண்டைசர் சாம்பிள் பீஸை டிக்கியில் போட்டுக்கொண்டு பையிங் ஆபீசுக்கும் சாயப்பட்டறைக்கும் ஓடுகிற வேகன் ஆர் ஒன்று. பையரை அழைத்துவரக் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போகிற இன்னோவா ஹைகிராஸ் மற்றொன்று. இரண்டிலும் கிளட்ச் பெடல் இல்லை, இடது காலுக்கு வேலை இல்லை. ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு, ஒரே டிரைவர் கையில் இரண்டு சாவியையும் கொடுத்துவிடுகிறோம். ஓடுகிற வரைக்கும் அது பெரிய தப்பாகத் தெரியாது. நிறுத்துகிற இடத்தில்தான் இரண்டும் நேர் எதிரான பழக்கத்தைக் கேட்கின்றன.

லீவரைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஹைகிராஸில் பி, ஆர், என், டி என்று எழுத்து வரிசை பி-யில் தொடங்கும். வேகன் ஆரில் பி கிடையாது. ஆர், என், டி, எம் அவ்வளவுதான். ஏதோ விலை குறைக்க விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கியர் பெட்டியே வேறு.

வேகன் ஆரில் இருப்பது ஏ.எம்.டி. மாருதி அதற்கு ஏ.ஜி.எஸ். என்று பெயர் வைத்திருக்கிறது. 2014 பிப்ரவரியில் செலேரியோவோடு வந்து, ஆட்டோமேட்டிக் என்றால் பணக்கார சமாச்சாரம் என்ற எண்ணத்தை உடைத்தது அதுதான். கையால் கியர் போடுகிற வண்டியைவிடச் சுமார் அரை லட்சம் கூடக் கொடுத்தால் போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த விலைக்குக் காரணமும் எளிது. உள்ளே இருப்பது நம் பழைய கிளட்ச்சும் பழைய கியர் பெட்டியும்தான். காலும் கையும் செய்த வேலையை மட்டும் ஒரு சின்ன இயந்திரம் செய்கிறது. என்ஜினை அணைத்தால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். அப்போது கியர் விழுந்திருந்தால், என்ஜினின் இறுக்கமே சக்கரத்தை உருளவிடாது. மேட்டில் நிறுத்தும்போது 'கியர்ல போட்டு நிறுத்து' என்று அந்தக் காலத்து அம்பாசிடர் டிரைவர்கள் சொன்னது அப்படியே இதற்கும் பொருந்தும்.

பி இருக்கிற டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் கதை வேறு. அதில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருப்பது எண்ணெய். என்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும், கியரைப் பிடித்திருக்கும் எண்ணெய் அழுத்தமும் போய்விடும். டி-யில் விட்டு அணைத்தாலும் வண்டியைப் பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. நியூட்ரலில் விட்ட மாதிரிதான் உருளும். சி.வி.டி. என்கிற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் ஆனாலும் ஹைப்ரிட் ஆனாலும் டி-யை நம்பி நிறுத்த முடியாது என்பதில் மாற்றமில்லை. அதற்காகத்தான் பி என்ற தனி இடம். லீவரை அங்கே கொண்டுபோனால், சக்கரங்களுக்குப் போகும் தண்டில் இருக்கிற பல்லுச் சக்கரத்தின் பள்ளத்தில் விரல் அளவு இரும்புத் துண்டு ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும்.

பி இல்லாமல் நிறுத்துவது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ராமேட்டிக், பெருவாரியாக விற்ற முதல் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. அதிலும் பி இல்லை. என்ஜினை அணைத்து லீவரை ரிவர்ஸுக்குத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். டி-க்கும் ஆர்-க்கும் நடுவில் என் இருந்தே தீர வேண்டும் என்று அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது 1968-இல். அதற்கு முன் சில வண்டிகளில் முன்னால் போகிற எல்-லுக்குப் பக்கத்திலேயே பின்னால் போகிற ஆர் இருந்தது. கொஞ்சம் கை தவறினால் எதிர்த்திசைதான்.

கை தவறுவதென்றதும் நம் டிரைவரிடம் வருவோம். காலையெல்லாம் ஹைகிராஸ் ஓட்டியவர், மதியம் வேகன் ஆரை எடுத்துக்கொண்டு மங்கலம் ரோட்டில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட் சாத்தியிருக்கிறது. இறங்கித் திறந்துவிட்டு வரலாம் என்று, கை பழக்கத்தில் லீவரைக் கடைசிவரை மேலே தள்ளுகிறார். ஹைகிராஸில் மேலே இருப்பது பி. வேகன் ஆரில் மேலே இருப்பது ஆர். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, கால் பிரேக்கை விட்டு எழுகிறது, வண்டி மெதுவாகப் பின்னால் கிளம்புகிறது. இதே ஆள் என்ஜினை அணைத்திருந்தால் அந்தத் தப்பே காவலாகியிருக்கும், ரிவர்ஸ் கியர் விழுந்து வண்டி அசையாமல் நின்றிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாவியைத் திருகினாரா இல்லையா என்பது ஒன்றுதான். ஏ.எம்.டி. வண்டியில் என்ஜின் ஓடும்போது நம்பத்தக்க நிலை என் மட்டுமே, அதுவும் ஹேண்ட் பிரேக் இழுத்த பிறகு.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். ஏ.எம்.டி.யிலேயே பழகியவர் டி-யில் வைத்து அணைத்து இறங்கிப் போவார். அந்த வண்டிக்கு அது சரி. அதே பழக்கத்தோடு பி இருக்கிற வண்டிக்கு வந்தால் ஆபத்து. நல்லவேளை, இங்கே வண்டியே தடுக்கும். சாவி போடுகிற மாடல்களில் பி-க்கு வராமல் சாவியை உருவ முடியாது. பட்டன் மாடல்களில் கத்திக் கூப்பாடு போடும். பி இருக்கிற வண்டி ஆளைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறது, ஏ.எம்.டி. ஆளை நம்பிவிடுகிறது. முதல் காராக ஆட்டோமேட்டிக் வாங்குகிறவருக்கு, கையில் காசு இருந்தால், முதல் வகையையே நான் சொல்வேன். இருபது வருஷம் கியர் போட்டுத் தேய்ந்த கைக்கு ஏ.எம்.டி.யே சௌகரியம்.

காதர்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனாலோ கல்யாண மண்டபத்துக்குப் போனாலோ தராசு ஏ.எம்.டி. பக்கம் இன்னும் சாயும். அங்கே நிறுத்துவதற்கென்று ஒரு ஊர் வழக்கம் உண்டு. "ஏனுங்க, நூட்டல்ல போட்டு ஹேண்ட் பிரேக்க எறக்கி வுட்டுட்டுப் போங்க, நாங்க தள்ளிக்கறோம்" என்பார் வாட்ச்மேன். சமதளத்தில் ஏ.எம்.டி. அதற்குக் கட்டுப்படும். பி இருக்கிற வண்டி கட்டுப்படாது. பூட்டி இறங்கிவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராது. பின்னால் மாட்டிக்கொண்ட டெம்போக்காரரின் ஹாரன்தான் மிச்சம். பல மாடல்களில் லீவர் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதை நெம்பி, சாவி முனையை உள்ளே அழுத்தியபடி லீவரை இழுத்தால் என்ஜின் ஓடாமலே என்-னுக்கு வந்துவிடும். பேட்டரி இறங்கின நாளில் வண்டியை இழுத்துப் போக வழி அதுதான். ஹேண்ட் பிரேக்கும் பட்டனாகிவிட்ட வண்டியில் பேட்டரி செத்தால் அந்த வழியும் பாதிதான். ஓனர்கள் பலருக்கு அப்படியொரு மூடி இருப்பதே தெரியாது.

ஆனால் இந்த பி மேல் இருக்கிற நம்பிக்கை கொஞ்சம் அதிகப்படி. கம்பெனி பேஸ்மென்ட்டுக்கு இறங்குகிற சரிவில் ஒருவர் நிறுத்துகிறார்: பிரேக்கை மிதிக்கிறார், பி போடுகிறார், காலை எடுக்கிறார். வண்டி அரை அடி சரிந்து, 'டொக்' என்று நிற்கிறது. அந்தச் சத்தம் முழு வண்டியின் பாரமும் அந்த விரல் அளவு இரும்பின் மேல் போய் விழுந்த சத்தம். மறுநாள் எடுக்கும்போது லீவர் வர மறுக்கும், இழுத்துப் பிடுங்கினால் இன்னொரு 'டொக்'. வரிசையை மாற்றினால் சத்தமே வராது. பிரேக்கை மிதித்தபடி என், ஹேண்ட் பிரேக், காலைத் தளர்த்தி வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்காருகிறதா என்று பார்த்தல், அப்புறம் பி, கடைசியாக என்ஜின். ஏ.எம்.டி.யிலும் ஹேண்ட் பிரேக்தான் முதல். பி-க்குப் பதில் மேட்டைப் பார்த்து நின்றால் டி, பள்ளத்தைப் பார்த்து நின்றால் ஆர். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் அணைக்க வேண்டும், அணைக்குமுன் கியர் விழுந்ததா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். லீவரைத் தள்ளியதற்கும் கியர் விழுவதற்கும் நடுவில் அதற்கு ஒரு கண நேரம் பிடிக்கும்.

பஞ்சர் சமயத்தில் இன்னொரு விஷயம். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் பி பிடிப்பது முன் அச்சை மட்டும். பல்லடம் ரோட்டு ஓரத்தில் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தரத்துச் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருளும். பி போட்டபடியே வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கும். ஏ.எம்.டி.யில் கியரில் விட்டிருந்தாலும் இதே கதி. பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கும், முட்டுக் கொடுத்த கல்லும்தான் அப்போது துணை.

பி சரியாக விழாமல் ஆர்-க்கும் பி-க்கும் நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோர்டு வரலாறு சாட்சி. 1970-களில் அமெரிக்காவில் ஃபோர்டு கார்கள் பி-யிலிருந்து தானாக ஆர்-க்கு நழுவுகின்றன என்று புகார்கள் குவிந்தன, உயிர்ச்சேதமும் நடந்தது. 1980 கடைசியில் அரசுக்கும் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில், சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகளுக்குக் கிடைத்த பரிகாரம் ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கர்! லீவர் பி-யில் விழுந்ததா பார், பார்க்கிங் பிரேக்கைப் போடு, என்ஜினை அணை என்பதே அதன் சாரம். நம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு கேட்பதும் ஏறக்குறைய அதையேதான். லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இல்லாதபோது, என்ஜின் நிறுத்தப்பட்டு, பிரேக் போடப்பட்டு, அல்லது வேறு வழியிலாவது, வண்டி தற்செயலாக நகராதபடி செய்திருக்க வேண்டும். பி என்ற எழுத்தைச் சட்டம் எங்கேயும் நம்பவில்லை.

என்ஜினை அணை என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹைகிராஸ் போன்ற ஹைப்ரிட்டில் வண்டி உயிரோடு இருக்கிறதா அணைந்துவிட்டதா என்பதே காதுக்குத் தெரியாது. பவர் டேபிள் தையல் மிஷினில் கிளட்ச் மோட்டாரிலிருந்து சர்வோ மோட்டாருக்கு மாறிய டெய்லருக்கு இது சொல்லாமலே புரியும். முன்னதில் ஸ்விட்ச் போட்டால் உறுமிக்கொண்டே இருக்கும். பின்னதில் மிதிக்கிற வரைக்கும் மூச்சு இருக்காது, மிதித்த நொடியில் ஊசி விரலுக்கு வந்துவிடும். 'ரெடி' விளக்கு எரிகிற ஹைப்ரிட்டும் அப்படித்தான். இன்னோவா பெயரிலேயே இந்தப் பிளவு இருக்கிறது. 2023-இல் திரும்பி வந்த டீசல் கிரிஸ்டா கையால் கியர் போடுகிற வண்டியாக மட்டும் வந்தது. ஹைகிராஸ் ஆட்டோமேட்டிக்காக மட்டும். கிரிஸ்டாவின் டீசல் உறுமலைக் காதால் கேட்டே ஓட்டிய டிரைவர், அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஹைகிராஸிலிருந்து இறங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இடுக்கில் நுழைக்கிற வேலைக்கு ஆட்டோமேட்டிக்கில் ஆக்ஸிலரேட்டரே தேவைப்படாது. பிரேக்கைத் தளர்த்தினால் ஊரும், அழுத்தினால் நிற்கும். சமதளத்தில் இரண்டு வகையும் இப்படி நடந்துகொள்ளும். சரிவில் ரிவர்ஸ் எடுத்து ஏற வேண்டுமென்றால் ஏ.எம்.டி.யின் ஊர்தல் போதாது; ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டிவரும், கிளட்ச் பிடித்ததும் வண்டி குதிக்கும். அதைவிட மோசம், சரிவில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைப்பது. கிளட்ச் கருகுகிற வாடைதான் மிஞ்சும்.

பதறின கால் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது இரண்டுக்கும் பொது நோய். 1986-இல் ஆடி 5000 கார்கள் தானாகவே பாய்கின்றன என்று அமெரிக்கத் தொலைக்காட்சி பரபரப்பாக்கியது. 1989-இல் வந்த அரசு ஆய்வு, பெரும்பாலும் கால்தான் பெடல் மாறியிருக்கிறது என்றது. பிரேக்கை மிதிக்காமல் பி-யிலிருந்து லீவரை நகர்த்த முடியாத பூட்டு பரவலானது அந்தக் கலாட்டாவுக்குப் பிறகுதான். பி இல்லாத ஏ.எம்.டி.யில் அந்தக் காவல் வண்டியைக் கிளப்புகிற இடத்துக்கு நகர்ந்துவிட்டது. என்-னில் வைத்து பிரேக்கை மிதித்தால்தான் வேகன் ஆர் உயிர் பெறும்.

இவ்வளவு வித்தியாசத்துக்கும் லைசென்ஸில் இடமே இல்லை. நம் சட்டம் கியர் இல்லாத ஸ்கூட்டரையும் கியர் உள்ள பைக்கையும் தனித்தனி வகையாகப் பிரிக்கிறது. காருக்கு வந்தால் எல்லாம் ஒரே இலகுரக வாகனம், திருப்பூரின் டி.என்.39 ஆனாலும் டி.என்.42 ஆனாலும் கிளட்ச் வண்டியில் பழகி வாங்கிய கார்டு எதற்கும் செல்லும். சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் 3ஏ என்று தனி வகுப்பு உண்டு, பிரிட்டனிலும் தனி லைசென்ஸ் உண்டு. ஆனால் அவர்கள் தடுப்பதும் ஒரு திசையைத்தான்: ஆட்டோமேட்டிக்கில் பழகியவர் கிளட்ச் வண்டியைத் தொடக்கூடாது. கிளட்ச் வண்டிக்காரர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறவோ, ஒரு ஆட்டோமேட்டிக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவோ அங்கேயும் தனிப் பாடம் கிடையாது.

பாடம் நடக்க வேண்டிய இடம் டெலிவரி நாள். அன்று ஷோரூமில் மாலை, ஃபோட்டோ, அட்டைச் சாவி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். 2025 செப்டம்பரில் டெல்லியில் புதுக் காரை வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கப் போனவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட, வண்டி முதல் மாடி ஷோரூமின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தது. ஆட்டோமேட்டிக்கில் பழத்துக்குப் பெரும்பாலும் பிரேக்கை விட்டாலே போதும். மிச்ச நேரத்தில் சேல்ஸ் பையன் ப்ளூடூத்தும் சன்ரூஃபும் காட்டுவார். அவரை நிறுத்தி, 'தம்பி, இத டி-ல வச்சு ஆஃப் பண்ணினா மேட்டுல நிக்குமா, உருளுமா?' என்று கேட்டுவிட்டு, ஷோரூம் சரிவிலேயே ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்தபடி செய்துகாட்டச் சொல்லலாம். பதில் வராவிட்டால் டாஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமல் கிடக்கிற கையேட்டில் 'பார்க்கிங்' என்ற தலைப்பில் இருக்கும், வீட்டுக்குக் கிளம்புமுன் அந்தப் பக்கத்தை டிரைவரையும் உட்காரவைத்துப் படித்துவிட்டால் வேலை முடிந்தது.