சீனாவில் ஒரு சிவன் கோயில்: கல் சொல்லும் கதை



திருப்பணின்னு ஆரம்பிச்சா நம்ம கோயில்கள்ல முதல்ல லோரி ஏறுறது பழைய கல்லுதான். அதனால இந்த வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

சீனாவில் ஃபூஜியான் மாநிலத்தில் சுவான்சோ என்ற துறைமுக நகரம் இருக்கிறது. நம்ம நாட்டு ஹொக்கியன் சீனர்களின் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். 13ஆம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்கள் அங்கே கப்பலில் போய் வியாபாரம் செய்தார்கள், சிவன் கோயிலும் கட்டினார்கள். அதுக்குக் கல்வெட்டு ஆதாரம் இருக்கு. 1281ஆம் ஆண்டு சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரத்தில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சுவாமியைப் பிரதிஷ்டை செய்தார் என்று தமிழில் வெட்டியிருக்கிறார்கள். கடைசி வரி சீன எழுத்து. அப்போது சீனாவை ஆண்ட குப்லாய் கானின் நலத்துக்காகச் செய்த பிரதிஷ்டை அது.

கதை நம்முடையது. கல் அந்த ஊருடையது. உளி பிடித்ததும் அந்த ஊர்ச் சீனச் சிற்பிகள்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். லிங்கத்துக்குப் பால் சொரியும் பசு, பூ சாத்தும் யானை, இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், உரலோடு மரங்களுக்கு நடுவே போகும் கண்ணன் எல்லாம் இருக்கு. பக்கத்திலேயே சீனப் பூ வேலைப்பாடும் இருக்கு.

நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். இரும்பில் அளவு பிசகினா வெல்டிங் வச்சுச் சரி பண்ணலாம். கல்லில் ஒரு அடி கூடிப்போனா போனதுதான். அந்தத் தூண்களுக்குப் பதினாறு பட்டை. அத்தனையும் ஒரே அளவா வரணும்னா எவ்வளவு நிதானம் வேணும்! சுவான்சோவைச் சேர்ந்த ஹுய்ஆன் வட்டாரம் இன்னைக்கும் கல் சிற்பத்துக்குப் பேர் போனது.

பிற்காலத்தில் அந்தச் சிவன் கோயில் அழிந்தது. கற்கள் சிதறின. சில தூண்களும் சிங்க உருவம் செதுக்கிய பலகைகளும் கையுவான் என்ற புத்தர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்னும் பல கற்கள் நகரத்துச் சுவர்களுக்குள் போய்விட்டன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் வூ வென்லியாங் என்ற சீனப் பள்ளி ஆசிரியர். 1957ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். நம்ம சாமி கல்லை வேற சமயத்துக்காரர் காப்பாற்றியிருக்கிறார். 2021ல் கையுவான் உட்பட சுவான்சோவின் பழைய இடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

இப்போ நம்ம பேராக்கைப் பாருங்க. ஈப்போ சுண்ணாம்புக் குன்றுகளில் கல்லுமலை முருகனும் இருக்கார், சாம் போ தோங் சீனக் குகைக் கோயிலும் இருக்கு. ரெண்டு பேரும் கல்லைக் கும்பிட்டு வளர்ந்தவங்கதான். ஆனா ரப்பர் தோட்டங்கள் விற்கப்பட்டு கோயில் இடம் மாறும்போது, மரத்தடியில் நம்ம தாத்தா பாட்டி மஞ்சள் பூசிக் கும்பிட்ட கல் எங்கே போகுது?

ஆலய நிர்வாகத்தினரே, தொண்டர்களே, பழைய கல்லை எடுக்கிறதுக்கு முன்னாடி படம் பிடிங்க. அளவு எழுதுங்க. எந்தத் தோட்டம், யார் வச்சதுன்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வைங்க. ஆகம முறை என்னன்னு குருக்களைக் கேட்டு, கோயில் ஓரமா ஒரு இடம் ஒதுக்குங்க.

எழுத்து இல்லாத கல்லுக்கு நாமதான் கல்வெட்டு.

ஓம் நமசிவாய.