குழாய் முன்னே, வாக்குச்சீட்டு பின்னே: பிரான்சில் கொம்யூன்கள் அதிகாரம் பகிர்ந்துகொண்ட வரலாறு

கொம்யூன் என்றால் என்னவென்று புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1880 மார்ச்சில் பிறந்த பிரெஞ்சு ஆணையின் வழியாக இங்கே வந்த அந்த அமைப்பு, பாகூரிலும் வில்லியனூரிலும் திருநள்ளாற்றிலும் கொம்யூன் பஞ்சாயத்தாக இன்றும் இருக்கிறது. ஆனால் அது பிறந்த மண்ணில் கடந்த நூற்றிமுப்பது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட வசிக்கவில்லை. இத்தனை சிறிய ஊராட்சிகள் குடிநீரும் பள்ளியும் பேருந்தும் தருவது எப்படி? அண்டை ஊரோடு சேர்ந்துதான். அந்தச் சேர்க்கையில் முதலில் சேவை பொதுவானது, பிறகு வரி பொதுவானது, மக்களின் வாக்கு கடைசியில்தான் வந்தது. இன்றைய பூசல்கள் பலவற்றுக்கும் இந்த வரிசையே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1789 டிசம்பர் 14ஆம் நாள் சட்டம் பழைய திருச்சபைப் பங்குகளையும் நகரங்களையும் ஒரே வகை ஊராட்சியாக்கியது. 1884 ஏப்ரல் 5ஆம் நாள் சட்டம் ஊர்க் காரியங்களைத் தீர்மானிக்கும் உரிமையை கொம்யூன் மன்றத்துக்கே கொடுத்தது. உரிமை வந்தது, அதை நடத்தப் பணமும் ஆளும் சிற்றூர்களிடம் இல்லை. எனவே 1890 மார்ச் 22ஆம் நாள் சட்டம், ஒரே ஒரு பணிக்காகப் பல கொம்யூன்கள் சேர்ந்து கூட்டு மன்றம் அமைக்க வழி திறந்தது. சேரும் கொம்யூன்கள் அனைத்தும் ஒப்ப வேண்டும் என்பது நிபந்தனை. ஓர் ஊர் முரண்டு பிடித்தாலும் திட்டம் நின்றுவிடும்.

அப்படியிருந்தும் கூட்டு மன்றங்கள் பெருகின. குழாயும் கம்பியும் ஊர் எல்லையில் நிற்பதில்லை. பாரிஸின் புறநகர் ஊர்கள் 1903இல் எரிவாயுவுக்காகச் சேர்ந்தன. 1923இல் குடிநீருக்காக அமைத்த கூட்டு மன்றம் இன்றும் இயங்குகிறது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் மின் விநியோக உரிமம் வழங்கும் அதிகாரத்தைக் கொம்யூன்களுக்குத் தந்ததும், கிராமங்கள் கூட்டாகப் பேரம் பேசத் தொடங்கின. பள்ளிகளிலும் இதே வழி பிறகு வந்தது. ஓர் ஊரில் மழலையர் வகுப்பு, அடுத்த ஊரில் மேல் வகுப்புகள். இடையே காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பேருந்து. பிள்ளைகள் குறைந்த ஊரிலும் பள்ளிக் கதவு மூடப்படாமல் இருக்க இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது.

1959ஆம் ஆண்டு அரசாணை, எல்லோரும் ஒப்ப வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்திப் பெரும்பான்மை போதும் என்றது. ஒரே கூட்டு மன்றம் பல பணிகளைச் செய்யவும் அனுமதித்தது. உண்மையான திருப்பம் 1966 டிசம்பர் 31இல் வந்தது. போர்தோ, லீல், லியோன், ஸ்த்ராஸ்பூர் ஆகிய நான்கு நகரங்கள் மீதும் நாடாளுமன்றம் நகரக் கூட்டமைப்பைச் சுமத்தியது. விருப்பம் கேட்கப்படவில்லை. மார்செய் மேயர் கஸ்தோன் தெஃபேர், கம்யூனிஸ்டுகள் கையிலிருந்த புறநகர்களோடு அதிகாரத்தைப் பங்கிட விரும்பாமல் ஒதுங்கிக்கொண்டார். அந்நகருக்குக் கூட்டமைப்பு 2000இல்தான் வாய்த்தது. 2016இல் பெருநகர அமைப்பு வந்தபோது சுற்றுவட்டார மேயர்கள் பெரும்பாலோர் எதிர்த்து நின்றனர். தொடக்கத்தில் தவிர்த்த உறவைப் பின்னாளில் கட்டாயத்தின் பேரில் ஏற்க நேர்ந்தது வருத்தத்துக்குரியது.

லீலில் நடந்தது வேறு. 1971 முதல் 1989 வரை அங்கே கூட்டமைப்பின் தலைவர் லீலின் மேயர் அல்லர். பக்கத்துச் சிறுநகர் லோமின் மேயர் ஆர்த்துர் நோத்பார். ஓட்டுநரின்றித் தானே இயங்கும் வால் மெட்ரோ 1983இல் அங்கே ஓடத் தொடங்கியது. தனித்த கொம்யூன் எதுவாலும் அதைக் கட்டியிருக்க முடியாது.

1971இல் கொம்யூன்களையே ஒன்றோடொன்று இணைக்க முயன்ற மர்செலின் சட்டம் பெரும்பாலும் தோற்றது. இணைந்தவற்றிலும் பல மறுபடி பிரிந்தன. ஊர்ப் பெயரையும் மேயரையும் விட மக்கள் மனம் ஒப்பவில்லை. அரசு அதன்பின் பணத்தின் வழியைத் தேர்ந்தது.

அந்த வழியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தொழில் வரியை ஒவ்வொரு கொம்யூனும் தன் விருப்பப்படி விதித்துவந்தது. தொழிற்சாலையோ பேரங்காடியோ எந்த ஊரின் எல்லைக்குள் அமைந்ததோ அந்த ஊர் செழித்தது. அங்கே உழைப்பவர்கள் குடியிருந்த அடுத்த ஊருக்கு ஒன்றும் வரவில்லை. 1992 சட்டத்தில் தொடங்கிய மாற்றத்தை 1999 ஜூலை 12ஆம் நாள் செவன்மான் சட்டம் உறுதியாக்கியது. ஐம்பதாயிரம் பேருக்கு மேற்பட்ட நகர்ப்பகுதிகள் சேர்ந்து ஒரே விகிதத் தொழில் வரியைப் பொதுவாக வசூலித்தால், தலைக்கு 250 ஃபிராங்க் மானியம். வரியை இழந்த கொம்யூனுக்கு, அது கூட்டமைப்புக்கு மாற்றிய சேவையின் செலவைக் கழித்து ஈட்டுத்தொகை தரப்பட்டது. அந்தச் செலவைக் கணக்கிட அண்டை ஊர்ப் பிரதிநிதிகளே ஒரு குழுவாக உட்கார்ந்தார்கள். 2000 தொடக்கத்தில் இவ்வகைக் கூட்டமைப்புகள் 50; இரண்டே ஆண்டில் 120. முப்பது ஆண்டுகள் அதட்டியும் நடக்காததை மானியம் நடத்தியது.

2010ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய எல்லாக் கொம்யூன்களும் ஏதேனும் ஒரு கூட்டமைப்பில் சேரவேண்டும் என்றது. 2015இல் வந்த சட்டம் குறைந்தபட்ச மக்கள்தொகையைப் பொதுவாக 15,000ஆக உயர்த்தியது. 2017 தொடக்கத்தில் கூட்டமைப்புகளின் எண்ணிக்கை 2,062இலிருந்து 1,266ஆகச் சுருங்கியது.

இத்தனைக்கும் வாக்காளர் எங்கே நின்றார்? கூட்டமைப்பு மன்றத்துக்கு உறுப்பினர்களைக் கொம்யூன் மன்றங்களே அனுப்பிவந்தன. 2014 மார்ச்சில்தான் ஆயிரம் பேருக்கு மேற்பட்ட ஊர்களின் வாக்குச்சீட்டில் ஒரு பக்கம் ஊர் மன்ற வேட்பாளர்களும், மறு பக்கம் கூட்டமைப்புக்குச் செல்வோரும் அச்சாயினர். சிறிய ஊர்களில் மேயரும் துணை மேயர்களும் வரிசைப்படி சென்றனர். அதே ஆண்டு ஜூன் 20இல் சால்பிரி என்ற கொம்யூனின் வழக்கில் அரசியலமைப்பு மன்றம், ஊர்கள் தமக்குள் பேசி இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் விதியைச் செல்லாததாக்கியது. மக்கள்தொகைக்கு ஏற்ற சமத்துவம் அதில் இல்லை என்பது காரணம். எண்ணிக்கையில் நியாயமான தீர்ப்பு. ஆனால் மனமிணக்கத்தோடு சிற்றூருக்குக் கூடுதல் இடம் தந்த வழக்கமும் அதனால் குறுகியது. மறு ஆண்டுச் சட்டம் அதை வரம்புக்குள் மீட்டது.

ஊர் மன்றத்தின் வழியே உறுப்பினர் செல்லும் இந்த முறையை லியோன் ஒன்றே தாண்டியது. 2015இல் அது மாவட்டத்தின் அதிகாரங்களையும் தன் எல்லைக்குள் எடுத்துக்கொண்டது. 2020இல் அதன் 59 கொம்யூன்களைத் தழுவிய 14 தொகுதிகளிலிருந்து 150 உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தனர். வாக்காளருக்கு உரிமை கிடைத்தது. பல சிற்றூர் மேயர்களுக்கு மன்றத்தில் இடம் இல்லாமல் போயிற்று. கூட்டமைப்பு மன்றம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பது லியோனில் தெளிவாகிவிட்டது. அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் சிற்றூர்க்காரர்கள்.

கூட்டுக்கு முதல் காரணமான குடிநீரிலேயே இப்போது பின்வாங்கலும் தொடங்கியிருக்கிறது. தண்ணீரையும் கழிவுநீரையும் கூட்டமைப்புக்கு ஒப்படைக்க 2015 சட்டம் விதித்த கெடு முதலில் 2020. பிறகு 2026 வரை நீண்டது. கிராம மேயர்கள் விடாமல் எதிர்த்ததில், இன்னும் ஒப்படைக்காத ஊரகக் கொம்யூன்களுக்கு அந்தக் கட்டாயத்தை 2025 ஏப்ரல் சட்டம் நீக்கிவிட்டது. விரும்பினால் அவை தனித்தே தண்ணீர் வழங்கலாம். விரும்பினால் 1890இன் பழைய வழியில் பக்கத்து ஊரோடு கூட்டு மன்றம் அமைக்கலாம்.