உறுமியும் மின்னணு இசையும்: ‘கலா’ (2007) இசைத்தொகுப்பை முன்வைத்து

எம்.ஐ.ஏ. என அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த ஈழத்தமிழர். எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் என்னும் சுயாதீன இசை நிறுவனம் 2005இல் வெளியிட்ட ‘அருளர்’ இவரது முதல் தொகுப்பு. அத்தலைப்பு தந்தையின் இயக்கப்பெயர். அதன் தாளங்களுக்கு ரோலண்ட் எம்.சி.-505 என்னும் கருவி அடிப்படையாயிற்று. மதிப்புரைகள் பலவும் தந்தையின் அரசியலைப் பேசிய அளவுக்கு இசையைப் பேசவில்லை.

தாயின் பெயர் தாங்கிய ‘கலா’ வேறு வழியில் உருவானது. அமெரிக்க நுழைவிசைவுச் சிக்கலால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் அதன் பதிவுப் பணி நடந்தது. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாடல்களைத் தாங்கி நிற்பது உறுமி.

தென்மாவட்டக் கோயில் விழாக்களில் நையாண்டி மேளத்தோடு ஒலிக்கும் இவ்விருமுகத் தோற்கருவியின் ஒரு முகம் அடிக்கப்படும். மறுமுகம் வளைந்த குச்சியால் தேய்க்கப்படும். தேய்ப்பில் எழும் முனகல் ஏறியும் இறங்கியும் வழுக்கிச் செல்லும். மின்னணுக் கருவிகள் முயன்று உண்டாக்கும் தாழொலி வழுக்கலை இது இயல்பாகவே தருகிறது. உறுமியை இங்கு வெறும் வட்டார அணியாகக் கொள்வது பொருந்தாது. ‘உலக இசை’ என்னும் பொதுப்பெயர் இதனை மறைத்துவிடுகிறது.

அதே தொகுப்பின் ‘பாம்பூ பாங்கா’ பாடலில் ‘தளபதி’ (1991) படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலின் ஒலித்துணுக்கு உள்ளது. அதற்குப் பதிப்புரிமையும் பெயர்க்குறிப்பும் உண்டு. உறுமியின் அடிமுறையோ எவருடைய பதிப்புரிமையிலும் அடங்காது. எனவே உரிமைக்குறிப்புகளை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு, இத்தொகுப்பில் தமிழிசையின் பங்கு திரையிசையாக மட்டுமே தென்படும்.