ட்ரவுட் தூண்டிலில் நம்ம மலைக் காட்டுச்சேவல்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற ஊர். அதன் வழியாக லெட்டார்ட் என்று ஒரு சின்ன ஊற்று ஓடை ஓடுது. அந்த ஓடையில் இருக்கும் பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்த மீன். கோடையில் கரையிலிருந்து தண்ணீரில் விழும் வண்டு ஜப்பானிலிருந்து வந்தது. அந்த வண்டைப் போலவே ஒரு தூண்டில் கட்டினாங்க. அதற்கான இறகு போனது தென்னிந்தியாவிலிருந்து. எங்கள் கான்சாபுரத்துக்கு மேற்கே தெரியும் மலையில் விடியற்காலையில் கூவுமே, அந்தச் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகு.

முதலில் தூண்டிலைப் பற்றி. நம்ம கண்மாய்களில் மண்புழுவைக் கோத்துப் போடுவோம். ட்ரவுட் பிடிப்பவர்களில் ஒரு கூட்டத்துக்கு அது பிடிக்காது. முள்ளின் மேல் நூல், இறகு, முடி எல்லாம் சுற்றி, பூச்சி மாதிரியே செய்து மீனை ஏமாற்றணும். இதற்குப் பெயர் ஃபிளை. ட்ரவுட் நீரில் பிறக்கும் பூச்சிகளை மட்டும் தின்பதில்லை. கரையோரப் புல்லிலிருந்து தவறி விழும் வண்டு, எறும்பு, வெட்டுக்கிளி எல்லாம் அதற்குத் தீனிதான். அதனால் வண்டு ஃபிளை ரொம்பப் பழைய சரக்கு. வேல்ஸ் நாட்டில் காக்-அ-பாந்தி என்று ஒன்று உண்டு. மயில்பீலியின் இழையை முள்ளில் சுற்றினால் வண்டின் உடம்பு. அதன் முன்னால் ஒரு சேவல் இறகைச் சுற்றினால் கால்கள். வேலை முடிஞ்சது.

1916-ல் நியூ ஜெர்சியில் ஜப்பான் வண்டு முதன்முதலாகக் கண்ணில் பட்டது. பச்சை உடம்பு, செம்பு நிற இறக்கை மூடி, ஏறக்குறைய ஒரு செ.மீ. நீளம். விவசாயிகளுக்கு அது பெரிய தலைவலி. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் அது பெருகியது. லெட்டார்ட் மீன்களுக்கோ விருந்து. அங்கே மீன் பிடித்தவர்களில் ஒருவர் வின்சென்ட் மரினாரோ. இந்த வண்டை எப்படிச் செய்வது என்று அவர்கள் என்னென்னவோ முயன்றார்கள். காபிக்கொட்டையைக்கூட முள்ளில் ஒட்டிப் பார்த்தார்கள்! உருண்டையான வண்டுக்கு உருண்டையான பொருள் வேண்டும் என்பதுதானே இயல்பான யோசனை.

மரினாரோ கேட்டது வேறு கேள்வி. மீன் எங்கிருந்து பார்க்குது? கீழேயிருந்து. அதற்குப் பின்னணி வெளிச்சமான வானம். அப்போ வண்டின் உயரமோ முதுகின் வளைவோ மீனுக்குத் தெரியாது. தெரிவது இரண்டே விஷயம். ஒன்று வெளிக்கோட்டின் வடிவம், இன்னொன்று ஒளி ஊடுருவாத தன்மை. தட்டையான பொருளே ஆனாலும் வெளிச்சத்தை முழுசா மறைச்சா மீன் அதைத் தடிமனான வண்டாகவே எடுத்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் சொன்னால், பயனருக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் சரியாகச் செய், மற்றதை விடு.

அதற்கு ஏற்ற பொருள்தான் காட்டுச்சேவல் இறகு. சேவலின் கழுத்து இறகுகளில் நடுத்தண்டு அங்கங்கே விரிந்து, மெழுகுத்துளி உறைந்த மாதிரி சின்னத் தகடாக இருக்கும். மற்ற இறகுகளைப் போல ஒளி கசியாது. அதை முள்ளின் மேல் படுக்கை வாட்டில் கட்டி, கீழே சேவல் இறகைச் சுற்றி, மேலும் கீழும் கத்தரித்துவிட்டால் வண்டு தயார். 1950-ல் வந்த தன் புத்தகத்தில் மரினாரோ இந்த யோசனையை விளக்கினார். இதையே மிகச் சின்ன முள்ளில் கட்டியதற்கு ஜாசிட் என்று பெயர். ராஜபாளையம் பக்கத்துப் பருத்திக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தரவே வேண்டாம். நம்ம தத்துப்பூச்சியேதான்.

இந்தச் சேவலை அறிவியல் உலகத்துக்குச் சொன்னவர் பிரெஞ்சுக்காரர் சொன்னரா. 1813-ல் டெமிங்க் சூட்டிய அறிவியல் பெயரிலும் அவர்தான் இருக்கிறார். ஆனால் அந்தக் கழுத்துப் புள்ளிகளை நம்மவர்கள் எப்பவோ கவனிச்சாச்சு. குறுந்தொகையின் 242ஆம் பாடலில் கானங்கோழிச் சேவலின் புள்ளிக் கழுத்தில் நீர்த்துளி விழும் காட்சி வருது.

இதில் ஒரு சங்கடம் இருக்கு. மயில் ஆண்டுதோறும் தோகையை உதிர்க்கும். பொறுக்கிக்கொள்ளலாம். காட்டுச்சேவல் விஷயம் அப்படியில்லை. வெளிநாட்டுச் சந்தை கேட்டது உதிர்ந்த இறகை இல்லை, கழுத்துத் தோலை முழுசாக. ஒரு தோல் என்றால் ஒரு சேவல் செத்தது என்று அர்த்தம். தீபகற்ப இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத பறவை இது. 1960களின் கடைசியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. அணிலுக்காகவும் புலிக்காகவும் போட்ட வேலி சேவலுக்கும் சேர்ந்தே கிடைத்தது.

தடைக்குப் பிறகு வண்டு ஃபிளை கட்டுவது நின்றுபோச்சா? அதுதான் இல்லை. இன்றைக்குப் பரவலாகக் கட்டுவது ஃபோம் வண்டு. செய்முறையும் சுலபம். முள்ளின் வளைவுப் பக்கம் ஒரு கறுப்பு ஃபோம் பட்டையைக் கட்டணும். மயில்பீலி இழையை உடம்பாகச் சுற்றணும். ஃபோமை முன்னால் மடித்து இழுத்துத் தலையருகே கட்டி, மிச்சத்தை வெட்டணும். இரண்டு பக்கமும் ரப்பர் இழையில் கால். கோடை மதியத்தில், மரம் கவிந்த கரையை ஒட்டி, வண்டு விழுவது போலப் 'பொத்'தென்று விழும்படி வீசணும். அப்புறம் நூல் இழுக்காதபடி நீரோட்டத்தோடு போக விடணும். ட்ரவுட் வந்து கவ்வும். ஃபோமும் ஒளியை மறைக்கும், கூடவே மிதக்கும்.

மரினாரோவின் தர்க்கத்தை அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு படி மேலே கொண்டுபோனால் வந்து நிற்கும் இடம் இதுதான். மீனுக்குத் தேவை நிழலுருவம் என்றால், அந்த நிழல் இறகுடையதா ரப்பருடையதா என்று மீன் கேட்கப்போவதில்லை. அரிதான இறகு என்ற மதிப்பு முழுக்கத் தூண்டில் பிடித்தவரின் கண்ணில் இருந்தது, மீனின் கண்ணில் அல்ல.